ஐந்து புள்ளி இரண்டு

"கதவைத் திறக்காதீங்க! சொல்லிட்டேன், யாரும் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது!"

இஞ்சினியர் கஸ்தோன் போட்ட சத்தம் விசிறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. வாசல் நிலையில் சிவப்புத் துணி ஒன்றை இறுக்கிப் பொருத்தி, அதன் நடுவில் லாரிச் சக்கரம் அளவுக்கு ஒரு விசிறியை வைத்து ஓடவிட்டிருந்தார். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். சுவரிலோ கூரையிலோ ஓட்டை இருந்தால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். எவ்வளவு புகுகிறது என்பதைக் கருவி ஓர் எண்ணாகச் சொல்லும். எண் ஐந்தைத் தாண்டினால் வீடு ஃபெயில்.

உலகத்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் கொயாய்க்கேயில் வீடு கட்டுகிறவர்கள் தலையில் புதிதாக வந்து விழுந்த சட்டம் இது. தப்பு சொல்ல மாட்டேன். குளிர்காலம் வந்தால் ஊரே விறகை எரிக்கிறது, புகை மலைக்கு நடுவே குந்திக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. ஓட்டை இல்லாத வீட்டுக்கு விறகு பாதி போதும். எல்லாம் சரி, ஆனால் அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் நகராட்சி குடிபுக அனுமதி தராது. அங்கேதான் இடித்தது.

நெல்தா ஓயார்சோ கூடத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்பத்தேழு வயது. இருபது வருஷமாக வீடு கட்டுகிறாள். புதுச் சட்டப்படி அவள் கட்டிய முதல் வீடு இது. "நான் கட்டின வீட்டுல காத்து எங்கிட்ட பர்மிஷன் கேட்டுட்டுத்தான் உள்ள வரும்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

விசிறி நின்றது. அடைத்திருந்த காது இரண்டும் பட்டென்று திறந்தன.

"என்ன சார், பாஸ்தானே?"

"இருங்க மேடம். கணக்குப் போடணும்." கஸ்தோன் கருவியைச் சீட்டாட்டக்காரர் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒட்டிய கன்னம், நீளக் கழுத்து, ஓயாத ஜலதோஷம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார்.

"கணக்கு ஓடிப் போயிடாது சார், முதல்ல வந்து சாப்பிடுங்க" என்று வெளியே சமையல் கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

அது எலியாசர், நெல்தாவின் கணவர். தெற்கே ரோடு போடும் முகாம்களில் பதினெட்டு வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டு, இப்போது மனைவி கட்டுகிற வீடுகளில் வேலையாட்களுக்குச் சமைத்துப் போடுகிறார். வேலை நடக்கிற இடத்துக்கு வந்த ஆள் வெறும் வயிற்றோடு திரும்பிப் போனால் எங்கள் பக்கத்தில் அது மானக்கேடு. எலியாசருக்கு அதற்கு மேலும் ஒரு சித்தாந்தம் உண்டு. "வயிறு ரொம்பின ஆளு கையெழுத்துப் போட யோசிக்க மாட்டான், நெல்தா. நீ சுவரைப் பாரு, நான் வயித்தைப் பாக்கறேன்."

அன்றைக்கு சோபைப்பியா. பூசணிக்காய் பிசைந்த மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தக்காளி மிளகாய்த் துவையல். கஸ்தோன் ஒன்று எடுத்தார். பிறகு ஒன்று. அதற்கப்புறம் எண்ணுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

அவருடைய டிரைவர் தோன் ரெமிஹியோ (பெரியவர்களை இங்கே மரியாதையாகத் தோன் போட்டுத்தான் கூப்பிடுவோம்) மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. "எனக்கு வயித்துப்புண்ணு. ஓட்ஸ் கஞ்சி கொண்டாந்திருக்கேன்" என்று ஃபிளாஸ்கைக் காட்டினார். எலியாசர் முகம் வாடிப்போயிற்று.

"சாருக்காவது பிடிச்சுதே. இதெல்லாம் அவசரத்துக்குப் போட்டது சார். எலும்புக் கறி போட்டு கசுவேலா சூப்பு வெச்சா, ஒரு கிண்ணத்துக்கு ரெண்டு நாள் குளிர் கிட்ட வராது."

தச்சர் தோன் பெலார்மினோ மூலையில் உட்கார்ந்து மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அறுபது வயது. இந்தச் சட்டத்தை முதல் நாளிலிருந்தே அவருக்குப் பிடிக்காது. "வீடுன்னா மூச்சு விடணும். இப்படி மூக்கைப் பொத்தினா மனுஷன் எப்படி உசிரோட இருப்பான்?" என்பது அவர் கட்சி.

கஸ்தோன் கையைத் துடைத்துக்கொண்டு கருவியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஐந்து புள்ளி இரண்டு மேடம். ஃபெயில். அடுத்த வியாழக்கிழமை வரேன்."

நெல்தாவுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. "எந்த இடத்துல சார் ஓட்டை?"

"அதைக் கண்டுபிடிக்கறது உங்க வேலை" என்று சொல்லிவிட்டு, கடைசி சோபைப்பியாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் யாஸ்னா வந்தாள். வீடு அவளுக்கும் அவள் கணவனுக்கும்தான். எட்டு மாதம் முடியப்போகிற வயிற்றைத் தாங்கிக்கொண்டு கூடத்தில் நின்றவள், நான்கு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை இருமினாள். இருவரும் நாத்தனார் வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பழைய விறகடுப்பு. சுவர் இடுக்கெல்லாம் புகை.

"டாக்டர் வேற, பொறக்கற குழந்தைக்கு அந்தப் புகை ஆகவே ஆகாதுன்னுட்டாங்க. அக்கா, நாங்க ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்கதானே வருவோம்?"

"இது என்ன கேள்வி? உன் பிள்ளை அந்தப் புகையில ஒரு நாள் கூட மூச்சு விடாது. நெல்தா சொல்றேன். எழுதி வெச்சுக்கோ."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வியாழக்கிழமைக்கு ஆறே நாள் இருப்பது உறைத்தது. ஆனால் நெல்தாவுக்குக் கலக்கமெல்லாம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தங்காது. சிலிகான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஒரு வாரம் முழுக்க அடைத்தாள். ஸ்விட்ச் பெட்டிகளை அடைத்தாள், குழாய் போகிற துவாரங்களை அடைத்தாள், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு சிலிகானை இழுத்தாள். புதன்கிழமை வந்து பார்த்தால், படுக்கையறை ஜன்னல் திறக்கவில்லை. சமையலறை ஜன்னலும் திறக்கவில்லை. பெலார்மினோ காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

"இப்ப இது ஜன்னல் இல்ல, படம். சும்மா பாத்துக்கிட்டிருக்கலாம்" என்றார்.

"இருக்கட்டும். காத்து வராதில்ல?"

வியாழக்கிழமை கஸ்தோன் வந்தார். விசிறி அலறியது. கசுவேலா கொதித்தது. எலும்பை உறிஞ்சி, சோளக்கதிரைக் கடித்து, இரண்டாவது கிண்ணத்தையும் சாய்த்துக் குடித்த பிறகு கஸ்தோன் சொன்னார்:

"ஐந்து புள்ளி ஒன்று."

"குறைஞ்சிருக்கே சார்!"

"குறைஞ்சிருக்கு. ஆனா ஐந்துக்குக் கீழ இல்லையே. மயிரிழைதான் மேடம், மனசை விட்டுடாதீங்க. அடுத்த வியாழன்."

"அடுத்த வாரம் சாருக்கு ஆட்டுக்குட்டிதான்" என்றார் எலியாசர். "முழுசா கம்பில கட்டி, நாலு மணி நேரம் தணல்ல நிறுத்திடறேன்."

வண்டி போன பிறகு நெல்தா கூரையை அண்ணாந்து பார்த்தாள். கூரை வேலை நடந்த அன்று பெலார்மினோ துளைபோடும் மெஷினோடு பரணிலிருந்து இறங்கி வந்தது அவள் கண்ணில் நின்றது. அன்றைக்கு அங்கே துளை போட வேண்டிய வேலை எதுவும் இல்லை.

"தோன் பெலார்மினோ, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வீடு மூச்சு விடணும்னு எங்கயாவது துளை போட்டு வெச்சிருக்கீங்களா?"

பெலார்மினோ மாத்தேயைக் கீழே வைத்துவிட்டார். அவர் மாத்தேயைப் பாதியில் கீழே வைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நாப்பது வருஷமா தச்சு வேலை பாக்கறேன். வாயால ஆயிரம் சொல்லுவேன். கையால தப்பா ஒரு ஆணி அடிச்சதில்ல. அந்த மெஷின் ஒயர் தீஞ்சு போயிருந்தது, மேல வெளிச்சம் நல்லா இருந்தது, உக்காந்து சரி பண்ணேன். போதுமா?"

"போதாது. பிரிச்சுப் பாத்துடலாம்."

"பிரிங்க. நானே பிரிக்கறேன். கண்ணால பாத்துட்டுப் பேசுங்க."

வெள்ளிக்கிழமை கூரைப் பலகை அத்தனையும் கீழே வந்தது. பரணில் விரித்திருந்த காற்றுத் தடுப்புத் தாளை நெல்தா தவழ்ந்து தவழ்ந்து, விரலை எச்சில் பண்ணிக்கொண்டு ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தாள். மத்தளத் தோல் மாதிரி இருந்தது தாள். ஒரு குண்டூசித் துளை இல்லை. பெலார்மினோ செய்திருந்த வேலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க, தோன் பெலார்மினோ. நாக்குல சனி."

"பரவால்ல. இப்ப இத்தனை பலகையையும் திரும்ப யாரு ஏத்தறது?"

இருவரும்தான் ஏற்றினார்கள். ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. நாத்தனார் வீட்டில் இரண்டு வேளை எரிந்த அடுப்பு இப்போது நாள் பூரா எரிகிறது என்று யாஸ்னா ஃபோனில் சொன்னாள். சொல்லி முடிக்க முடியாமல் இருமினாள். ஃபோனை வைத்துவிட்டு நெல்தா ஏணியில் ஏறி மிச்சப் பலகையைத் தூக்கினாள்.

"பக்கத்துத் தெருவுல அந்த ஒலெகாரியோ மூணு வீடு கட்டினானே, மூணும் மொத தடவையே பாஸாம்" என்றார் பெலார்மினோ, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "அவன் கட்டற சுவர்ல சாஞ்சா சுவரும் கூட சாயும்."

"அந்தக் கஞ்சன் பேரை என் முன்னாடி எடுக்காதீங்க. வேலையாளுக்கு ஒரு வாய் சுடுதண்ணி குடுக்க மாட்டான். வீட்டை எப்படி ஒழுங்கா கட்டுவான்?"

மூன்றாவது வியாழக்கிழமை எலியாசர் விடியற்காலையிலேயே தணல் போட்டுவிட்டார். கஸ்தோன் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர் எட்டரைக்கே வந்தார். ஆட்டுக்குட்டி அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னைக்கு நிதானமா பாத்துடலாம் மேடம். அவசரப்படக் கூடாது" என்று விசிறியை ஓடவிட்டார்.

நிதானம் என்றால் சாதாரண நிதானம் இல்லை. இரண்டு மணி நேரம். விசிறி ஓடத் தொடங்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் பெலார்மினோ குளியலறைக்குள் போயிருந்தார். பாவம், சோதனை இவ்வளவு நேரம் நீளும் என்று அவருக்குத் தெரியாது.

"ஏங்க! நான் வெளில வரட்டுமா?"

"வராதீங்க! எண் மாறிடும்!" என்றார் கஸ்தோன்.

"எவ்வளவு நேரம்?"

"விஞ்ஞானத்துக்கு நேரம் கிடையாது ஐயா!"

இதற்கிடையே காற்று திரும்பியது. எங்கள் ஊர்க் காற்று ஒரு திசையில் பத்து நிமிஷம் வீசினால் அதிசயம். தணல் புகை அத்தனையும் வீட்டின் மேல் கவிழ்ந்து, ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாதபடி மூடிக்கொண்டது. உள்ளே விசிறி காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நெல்தா மூக்கை விடைத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். பெயிண்ட் வாசனை வந்தது. மரத்தூள் வாசனை வந்தது. ஆட்டு வாசனை, புகை வாசனை, எள்ளளவும் இல்லை.

"சார்! வெளில புகை மண்டிக்கிட்டுக் கிடக்கு. உள்ள ஒரு துளி வாசனை வரலை பாருங்க! ஓட்டை இருந்தா வராதா?"

"எனக்கு ஜலதோஷம் மேடம். அதுவுமில்லாம மூக்கை வெச்சு சர்டிபிகேட் தரச் சொல்லி சட்டத்துல இல்ல."

"கறி ஆயிடுச்சு!" என்று வெளியிலிருந்து எலியாசர் குரல் கொடுத்தார். விசிறி உடனே நின்றது.

பெலார்மினோ குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தொடைக்கறியும் தீர்ந்திருந்தது. கஸ்தோன் விலா எலும்பு ஒன்றை வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐந்து புள்ளி மூன்று."

"ஏறிடுச்சா? போன வாரம் ஐந்து புள்ளி ஒண்ணு ஆச்சே!"

"வெளி வெப்பநிலை, ஈரப்பதம், இதெல்லாம் இருக்கு மேடம். சொன்னா புரியாது."

நெல்தா அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"சார், நேராவே கேட்டுடறேன். ஏதாவது எதிர்பாக்கறீங்களா?"

கஸ்தோனின் ஒட்டிய கன்னம் இரண்டும் சிவந்துபோயின. கையில் இருந்த எலும்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன பேச்சு பேசறீங்க! பன்னெண்டு வருஷ சர்வீஸ்ல யார்கிட்டயும் ஒரு பெசோ கை நீட்டினதில்ல நான்! கிறிஸ்மஸுக்கு ஒருத்தர் பேனா குடுத்தாரு, திருப்பி அனுப்பினேன். தெரியுமா உங்களுக்கு?"

அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்துவிட்டது. பொய் சொல்கிற ஆளுக்கு அப்படி வராது. நெல்தா பதறிப்போனாள். எலியாசர் ஓடி வந்தார்.

"சார், சார், அவ ஒரு முந்திரிக்கொட்டை. மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்த வாரம் வாங்க, உங்களுக்காகவே குராந்தோ போடறேன். குழி தோண்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, சிப்பி, பன்றி, கோழி, உருளைக்கிழங்கு ரொட்டி எல்லாத்தையும் அடுக்கி, பெரிய இலையாப் போட்டு மூடி..."

"சிப்பி எங்கேருந்து வரும்?" என்று கேட்டார் கஸ்தோன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"கடலோரத்துலேருந்து மச்சான் கொண்டாந்துடுவான் சார்."

"சரி, மறந்துட்டேன். அடுத்த வியாழன்."

வண்டி கிளம்புகிறபோது தோன் ரெமிஹியோ ஃபிளாஸ்கை மூடியபடி நெல்தாவை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்தார். பின்னாலிருந்து கஸ்தோன் ஏப்பம் விட்டதும் மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அந்த வாரம் நெல்தா தூங்கவில்லை என்றே சொல்லலாம். தரைக்கும் சுவருக்கும் நடுவே டேப் ஒட்டினாள். ஒட்டிய டேப்பின் மேல் டேப் ஒட்டினாள். ஆணித் தலைகளுக்கெல்லாம் தனித்தனியாகச் சொட்டு வைத்தாள். எலியாசர் குழி தோண்டினார். எங்கே தோண்டினார் என்று அவள் பார்த்திருக்க வேண்டும். காற்று மறைவாக இருக்கட்டும் என்று அந்த மனுஷன் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே தோண்டியிருந்தார்.

நான்காவது வியாழக்கிழமை குழிக்குள் சிவந்துகிடந்த கற்கள் மேல் சிப்பியும் கறியும் ஏறின. இலையை விலக்கியபோது எழுந்த ஆவியில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கஸ்தோன் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது சிப்பி சாப்பிட்டார். நடுவில் ஒரு முறை, "என் ரூம்ல பாக்கெட் சூப்தான். அதுவும் ஆறிப்போயிருக்கும்" என்று தானாகவே சொன்னார். எலியாசருக்கு நெஞ்சு உருகி, இன்னொரு தட்டு வைத்தார்.

அப்போதுதான் பெலார்மினோ கேட்டார்: "ஏதோ கருகற வாசனை வரலை?"

அஸ்திவாரத்தைச் சுற்றிக் குளிர் ஏறாமல் இருக்க ஒட்டியிருந்த தெர்மாகோல் பலகை, குழிக்கு நேரே இரண்டு மீட்டர் நீளத்துக்கு உருகி, பாகாக வழிந்துகொண்டிருந்தது.

"எலியாசர்!" என்று நெல்தா போட்ட சத்தத்தில் எட்டிப் பார்த்த தெரு முழுசும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டது.

"காத்து மறைவா இருக்கட்டுமேன்னு..."

"அடப்பாவி மனுஷா! நான் அங்குலம் அங்குலமா அடைச்சிட்டு வரேன், நீ அஸ்திவாரத்தையே வேக வெச்சிருக்கியே!"

கஸ்தோன் வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது தனிக் குறை மேடம். இதையும் நான் வந்து பாத்துத்தான் ஆகணும். காத்து ஐந்து புள்ளி இரண்டு. அடுத்த வியாழன்."

மறுபடியும் ஐந்து புள்ளி இரண்டு. முதல் நாள் நின்ற இடத்திலேயே மூன்று வாரம் கழித்து நின்றாள் நெல்தா. ஜன்னல் இரண்டு போனது, கூரை ஒருமுறை இறங்கி ஏறியது, அஸ்திவாரம் வெந்தது. வேறு யாராவது என்றால் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அவள் புதுத் தெர்மாகோல் பலகை வாங்கி வந்து, தானே வெட்டி, தானே ஒட்டினாள்.

"நெல்தாவை யாருன்னு நினைச்சே?" என்று வீட்டைப் பார்த்துக் கேட்டாள்.

ஐந்தாவது வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு யாஸ்னாவுக்கு வலி எடுத்துவிட்டது. அவள் கணவன் வண்டி குளிரில் கிளம்பவில்லை. எலியாசர் தன் வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவர் வண்டியிலேயே கேஸ் சிலிண்டர், பாத்திரம், மாவு, அன்றைக்குச் சமைக்க எடுத்து வைத்திருந்த பன்றித் தொடை எல்லாம் போய்விட்டன. பெலார்மினோ காய்ச்சலில் படுத்திருந்தார். நெல்தா தனியாக வாசலில் நின்றாள். ஒரு மாத்தே போடக் கூட வெந்நீர் இல்லை.

கஸ்தோன் இறங்கினார். காற்றை மோந்து பார்த்தார். கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"எலியாசர் இல்லையா?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு சார். பிரசவம்."

"ஓ. எப்ப வருவாரு?"

"பிள்ளை எப்ப வருதோ அப்ப வருவாரு."

"மத்தியானத்துக்குள்ள?"

"அது பிள்ளையைக் கேக்கணும் சார்."

"அவரு ஏதாவது... செஞ்சு வெச்சிட்டுப் போனாரா?"

நெல்தா பையைத் துழாவி, நான்கு நாள் முன்னால் பிரித்த உப்பு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். கஸ்தோன் அதைப் பார்த்துவிட்டு விசிறியைப் பொருத்தினார். பத்து நிமிஷம்தான். அஸ்திவாரத்தை நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார். கருவியை மடித்தார்.

"மூன்று புள்ளி ஒன்று. பாஸ்."

"என்ன சார்?"

"பாஸ் மேடம், பாஸ். அஸ்திவாரமும் சரி. பேனா இருக்கா? நான் இன்னும் ரெண்டு வீடு பாக்கணும்."

கையெழுத்து விழுந்தது. முத்திரை விழுந்தது. காகிதம் நெல்தாவின் கைக்கு வந்த அதே நேரத்தில் அவள் ஃபோன் அலறியது. மறுமுனையில் எலியாசர் அழுதுகொண்டிருந்தார். பெண் குழந்தையாம். மூன்று கிலோ இருநூறு கிராமாம். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துகிறதாம். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"நேரா இங்க கூட்டிட்டு வா!" என்று கத்தினாள் நெல்தா. "பாஸ் ஆயிடுச்சு! கேட்டுதா? இந்தக் கூரைக்குக் கீழதான் அது தூங்கப் போகுது!" முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த நிமிஷத்தில் ஊரில் அவளைவிடச் சந்தோஷமான மேஸ்திரி கிடையாது.

கஸ்தோன் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போல இருந்தது. வண்டிக்கு ஓடினாள். தோன் ரெமிஹியோ கண்ணாடியை இறக்கினார்.

"தோன் ரெமிஹியோ, பாஸ்! மூணு புள்ளி ஒண்ணு! எப்படின்னு கேளுங்க. நேத்து சாயங்காலம் சும்மா உக்காந்திருந்தப்ப பொறி தட்டிச்சு. பின்கதவு சாவித் துவாரம்! ஒரு மாசமா கூரையைப் பிரிச்சேன், ஜன்னலை அடைச்சேன், அஸ்திவாரத்தைக் கூட மாத்தினேன், சாவித் துவாரத்தை விட்டுட்டேன் பாருங்க. அதுல இத்தனூண்டு டேப் ஒட்டினேன், ஐந்து மூணாயிடுச்சு. இதை இந்த ஊர்ல வீடு கட்டற ஒவ்வொருத்தருக்கும் நான் சொல்லித்தரப் போறேன்!"

தோன் ரெமிஹியோ வீட்டைப் பார்த்தார். விசிறியைத் தூக்கிக்கொண்டு வருகிற கஸ்தோனைப் பார்த்தார். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"சாவித் துவாரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, எங்க சார் சாப்பாடு போடாத வீட்டை மொத தடவையே பாஸ் பண்ணிடுவாரு."